மின்னஞ்சல் சர்வரைக் கண்காணிப்பது எப்படி? கடிதத்தைப் பின்தொடரும் முழுமையான வழிகாட்டி

மின்னஞ்சல் சர்வர் பழுதானால் பெரும்பாலும் யாருக்கும் உடனே தெரிவதில்லை. இணையதளம் முடங்கினால் பார்க்க வந்தவரின் திரையிலேயே பிழைச் செய்தி வந்துவிடும். சற்று நேரத்தில் நிர்வாகியின் தொலைபேசி ஒலிக்கும். மின்னஞ்சலில் அனுப்பியவர் பொத்தானை அழுத்திவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார். பெற வேண்டியவருக்கோ அப்படியொரு கடிதம் வரவிருப்பதே தெரியாது. இடையில் நிற்கும் சர்வர் அதை வரிசையில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டிருக்கும்.

1982-இல், சர்வர்கள் மின்னஞ்சலைக் கைமாற்றும் எஸ்எம்டிபி நெறிமுறை வகுக்கப்பட்டபோதே இந்தப் பொறுமை அதில் சேர்ந்துவிட்டது. 2008-இல் வந்த அதன் தர ஆவணமான ஆர்எஃப்சி 5321, கைவிடும் முன் குறைந்தது 4 அல்லது 5 நாட்களாவது முயல வேண்டும் என்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் நிரல் இயல்பு அமைப்பில் 5 நாட்கள் கடிதத்தை வைத்திருக்கும். 'உங்கள் கடிதம் தாமதமாகிறது' என்று அனுப்பியவருக்குச் சொல்லும் வசதி அதில் இயல்பாக அணைந்தே இருக்கும். ஆகவே திங்கட்கிழமை அனுப்பிய கடிதம் போகவில்லை என்பது சனிக்கிழமைதான் தெரியவரலாம்.

அதனால்தான், சர்வர் ஓடுகிறதா என்பதைவிட, ஒரு கடிதம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்பதையே கண்காணிப்பின் மையத்தில் வைக்க வேண்டும் என்கிறேன். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த நேரத்தை அளப்பதற்கும், அது கூடும்போது காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குமானவை.

படி 1: கடிதத்தின் பாதையை வரைந்து, இலக்கை எண்ணில் எழுதுங்கள்

எந்தக் கருவியையும் நிறுவும் முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் கடிதத்தின் பாதை: அனுப்பும் சர்வர் இணையத்தின் பெயர்-முகவரிக் கையேடான டிஎன்எஸ்ஸில் உங்கள் எம்எக்ஸ் பதிவை (உங்கள் அஞ்சலை ஏற்கும் சர்வரின் பெயர்) தேடுகிறது, போர்ட் 25 என்ற இணைப்பு வாயிலில் இணைகிறது, ஸ்பாம் மற்றும் வைரஸ் வடிகட்டி கடிதத்தைப் பார்க்கிறது, அது வரிசைக்குப் போகிறது, அஞ்சல் பெட்டியில் விழுகிறது, பயனர் ஐமேப் (பெட்டியில் உள்ளதைப் படிக்கும் நெறிமுறை) வழியாக அதைத் திறக்கிறார். வெளியே போகும் பாதை வேறு: பயனர் 587 அல்லது 465 போர்ட்டில் கடவுச்சொல் கொடுத்து உள்நுழைகிறார், கடிதம் வரிசையில் சேர்கிறது, சர்வர் மறுமுனையின் முகவரியைத் தேடி இணைந்து ஒப்படைக்கிறது.

இந்த இரண்டு பாதைகளும் தனித்தனியே பழுதாகும். வெளியே போவது நின்று, உள்ளே வருவது மட்டும் சீராக இருக்கலாம். அஞ்சல்கள் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்க, ஐமேப் மட்டும் செத்துக் கிடக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கு வேண்டும்.

இலக்கை எண்ணில் எழுதினால்தான் வாக்குவாதம் இராது. 30 நாள் மாதத்தில் 99.9 சதவீதம் என்றால் சுமார் 43 நிமிடம்தான் முடங்கலாம், 99.99 என்றால் 4 நிமிடம் 19 நொடி. ஒற்றைச் சர்வரை வைத்துக்கொண்டு 99.99 என்று வாக்களிப்பது நேர்மையாகாது. இயக்க முறைமையின் மையமான கெர்னலைப் புதுப்பித்து ஒருமுறை மறுதொடக்கம் செய்தாலே அந்த ஒதுக்கீடு தீர்ந்துவிடக்கூடும். அதோடு தாமதத்துக்கும் ஓர் இலக்கு வையுங்கள்: 'உள்வரும் கடிதங்களில் 100-க்கு 95 இரண்டு நிமிடத்துக்குள் பெட்டியில் இருக்க வேண்டும்' என்பது போல. சராசரியை நம்பாதீர்கள். ஆயிரம் கடிதம் ஒரு நொடியில் போய், பத்துக் கடிதம் ஆறு மணி நேரம் கிடந்தால் சராசரி நான்கு நிமிடத்துக்கும் குறைவாகவே வரும்; பாதிக்கப்பட்ட அந்தப் பத்துப் பேர் அதில் தென்படவே மாட்டார்கள்.

படி 2: போர்ட் திறந்திருப்பதோடு நிற்காமல், உரையாடிப் பாருங்கள்

போர்ட் 25 திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை மிகவும் பலவீனமானது. அஞ்சல் நிரல் உறைந்து நின்றாலும், இயக்க முறைமையின் கெர்னல் இணைப்பை ஏற்றுக்கொள்ளும். சோதனை பச்சை காட்டும். எஸ்எம்டிபி என்பது ஓர் உரையாடல். சோதனையும் உரையாட வேண்டும்.

முதலில் சர்வர் 220 என்று தொடங்கும் வரவேற்பு வரியைத் தர வேண்டும். நீங்கள் ஈஎச்எல்ஓ என்று வணக்கம் சொன்னால், 250 ('சரி') என்று தொடங்கும் வரிகள் வர வேண்டும். அவற்றில், இணைப்பை மறையாக்கத்துக்கு மாற்றும் ஸ்டார்ட்டிஎல்எஸ் இருக்க வேண்டும். மறையாக்கம் தொடங்கியபின், அனுப்புநர் முகவரியையும் சோதனைப் பெட்டியின் முகவரியையும் கொடுங்கள். இரண்டுக்கும் 250 வந்தால், கடிதம் எதுவும் அனுப்பாமல் க்விட் சொல்லி வெளியேறிவிடலாம். பெறுநர் முகவரி வரை போவது முக்கியம், ஏனென்றால் பயனர் பட்டியல் இருக்கும் தரவுத்தளம் அல்லது எல்டாப் (பயனர் விவரக் கோப்பகச் சேவை) விழுந்திருந்தால் அது அந்த இடத்தில்தான் 451 என்று வெளிப்படும்.

விடைக் குறியீடுகளை வகைபிரித்துப் பதியுங்கள். 4-இல் தொடங்குவது தற்காலிக மறுப்பு. அனுப்பியவர் மீண்டும் வருவார். 5-இல் தொடங்குவது நிரந்தர மறுப்பு. கடிதம் அப்போதே திரும்பிப் போய்விடும். கண்காணிப்பில் 5 மிகவும் அவசரமானது. தவறான அமைப்பால் சர்வர் எல்லாருக்கும் 550 சொல்லத் தொடங்கினால், ஒவ்வொரு நிமிடமும் கடிதங்கள் மீட்க முடியாமல் திரும்பிக்கொண்டிருக்கும். அதைவிடச் சர்வர் முழுவதும் அணைந்து கிடப்பது மேல். அப்போது அனுப்புபவர்களின் வரிசையிலாவது கடிதங்கள் பத்திரமாக இருக்கும்.

உரையாடலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியாக அளவிடுங்கள். வரவேற்பு வரி தாமதமானால் முதலில் டிஎன்எஸ்ஸைச் சந்தேகியுங்கள்: சர்வர் உங்கள் ஐபி முகவரிக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கும். ஆனால் போஸ்ட்ஃபிக்ஸின் போஸ்ட்ஸ்க்ரீன் இயக்கத்தில் இருந்தால், ஸ்பாம் அனுப்பிகளைப் பிடிப்பதற்காக அது வேண்டுமென்றே 6 நொடி வரை காக்கவைக்கும். அதைப் பழுதாக எண்ணி எச்சரிக்கை வைத்துவிடாதீர்கள்.

587-க்கும் ஐமேப்பின் 993-க்கும் சோதனைக் கணக்கு ஒன்றால் உண்மையாகவே உள்நுழைந்து பாருங்கள். ஐமேப்பில் இன்பாக்ஸைத் தேர்ந்தெடுத்து, ஒரு கடிதத்தைப் படிக்கும் வரை செல்லுங்கள். சேமிப்பகம் தொங்கிப் போயிருந்தால் உள்நுழைவு வெற்றி பெற்று, பெட்டி மட்டும் திறக்காது. அந்தக் கணக்குக்கு வேறெந்த உரிமையும் வேண்டாம். அதன் கடவுச்சொல் கண்காணிப்புக் கருவியின் கோப்பில் கிடக்கப்போகிறது என்பதை மறக்கக்கூடாது.

இந்தச் சோதனைகள் வெளி வலையமைப்பில் இருந்தும் நடக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு: பல மேகக்கணினி நிறுவனங்களும் இணைய இணைப்பு நிறுவனங்களும் ஸ்பாமைத் தடுக்க வெளியே செல்லும் போர்ட் 25-ஐ மூடி வைத்திருக்கின்றன. அங்கே இருந்து சோதித்தால் உங்கள் சர்வர் எப்போதும் செத்ததாகவே தெரியும். சோதனை புறப்படும் இடத்தில் 25 திறந்திருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். சோதிக்கும் முகவரியை ஃபெயில்டூபேன் போன்ற தடுப்பான்களின் விலக்குப் பட்டியலிலும் சேருங்கள்.

படி 3: ஒரு கடிதத்தை உண்மையாகவே அனுப்பிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மற்ற எல்லாச் சோதனைகளும் சர்வரின் உறுப்புகளைத் தொட்டுப் பார்க்கின்றன. இதுதான் பயனர் அனுபவிப்பதையே அளக்கிறது.

ஒரு சிறு நிரல், தலைப்பில் தனி அடையாள எண்ணையும் புறப்பட்ட நேரத்தையும் வைத்து ஒரு கடிதத்தை அனுப்பும். பிறகு பெறும் பெட்டியில் ஐமேப் வழியாக நுழைந்து, அந்த அடையாள எண்ணைச் சில நொடிக்கு ஒருமுறை தேடும். கிடைத்ததும் நேரத்தைக் கணக்கிட்டுப் பதிந்துவிட்டு, கடிதத்தை அழித்துவிடும். அழிக்கத் தவறினால் சில மாதங்களில் சோதனைப் பெட்டி நிரம்பி, அதுவே ஒரு பொய் எச்சரிக்கையாகும்.

இந்தச் சுற்றுச் சோதனையை மூன்று வழிகளில் ஓட்ட வேண்டும். உங்கள் பெட்டியில் இருந்து உங்கள் இன்னொரு பெட்டிக்கு. உங்கள் பெட்டியில் இருந்து வெளிச் சேவை ஒன்றின் பெட்டிக்கு. வெளிப் பெட்டியில் இருந்து உங்களுக்கு. முதல் வழி சரியாக இருந்து இரண்டாவது மட்டும் தவறினால், சிக்கல் டிஎன்எஸ், வெளி இணைப்பு, உங்கள் ஐபி முகவரியின் நற்பெயர் ஆகிய மூன்றில் ஒன்று. முதல் வழியே தவறினால் வீட்டுக்குள்ளேயே தேடத் தொடங்கலாம். உள்சோதனையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டலாம். வெளிச் சேவைகளுக்கு 15 நிமிட இடைவெளி போதும். அடிக்கடி வரும் ஒரே மாதிரிக் கடிதங்களை அவை ஸ்பாமாக எண்ணத் தொடங்கும்.

வெளிப் பெட்டியில் தேடும்போது ஸ்பாம் கோப்புறையிலும் தேடுங்கள். 'வந்தது', 'வரவில்லை' என்ற இரண்டோடு 'ஸ்பாமில் விழுந்தது' என்பதும் ஒரு தனி விடை. எந்தச் சர்வர் பதிவிலும் பிழை காட்டாத, ஆனால் பயனருக்கு முழுத் தோல்விக்குச் சமமான நிலை அது.

உள்ளே வரும் பாதையில் கிரேலிஸ்டிங் வைத்திருந்தால், புதிய அனுப்புநரை அது முதலில் 450 என்று திருப்பிவிட்டு, மீண்டும் வரும்போதுதான் ஏற்கும். அதனால் சோதனைக் கடிதம் சில நேரம் பல நிமிடம் பிந்தும். அந்த அனுப்புநரை விலக்குவது ஒரு வழி. நான் பரிந்துரைப்பது, ஒரு சோதனையை விலக்கோடும் இன்னொன்றை விலக்கின்றியும் வைப்பது. புதிதாக உங்களுக்கு எழுதும் ஒருவர் எவ்வளவு காத்திருக்கிறார் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய எண்தான்.

நேரம் கூடியிருப்பது தெரிந்தால், எங்கே கூடியது என்பதை அந்தக் கடிதமே சொல்லும். அதன் தலைப்புப் பகுதியில் ஒவ்வொரு சர்வரும் ஒரு 'ரிசீவ்ட்' வரியைச் சேர்த்திருக்கும்; கீழிருந்து மேலாகப் படித்து, அடுத்தடுத்த நேரங்களைக் கழித்துப் பாருங்கள். எல்லாச் சர்வர்களின் கடிகாரமும் என்டிபி என்ற நேர ஒத்திசைவு நெறிமுறை மூலம் ஒத்திருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும். ஆகவே கடிகார விலகலையும் கண்காணிப்பில் சேருங்கள்.

படி 4: வரிசையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அஞ்சல் சர்வரின் உடல்நிலை அதன் வரிசையில்தான் முதலில் தெரியும். பலர் வரிசையில் உள்ள கடிதங்களின் எண்ணிக்கைக்கு மட்டும் எச்சரிக்கை வைக்கிறார்கள். எண்ணிக்கை தனியாகப் பெரிதாக எதையும் சொல்லாது: செய்திமடல் ஒன்று புறப்பட்டால் ஐயாயிரம் கடிதம் சேர்ந்து, பத்து நிமிடத்தில் கரைந்துவிடும். வரிசையில் மிகப் பழைய கடிதத்தின் வயது என்ன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எண்ணிக்கை கூடி வயது கூடாவிட்டால் சர்வர் உழைக்கிறது. இரண்டும் கூடினால் எங்கோ அடைத்திருக்கிறது.

போஸ்ட்ஃபிக்ஸில் வரிசைகள் பல. 'ஆக்டிவ்' என்பது இப்போது அனுப்பப்படுபவை; 'டிஃபர்ட்' என்பது ஒருமுறை முயன்று தள்ளிவைக்கப்பட்டவை; 'இன்கமிங்' என்பது இப்போதுதான் உள்ளே வந்தவை. டிஃபர்ட் கூடினால் மறுமுனைகளில் சிக்கல், அல்லது உங்களை அவை ஏற்க மறுக்கின்றன. ஆக்டிவ் நிரம்பி இன்கமிங் தேங்கினால் நெருக்கடி உங்கள் பக்கம். ஆக்டிவின் இயல்பு உச்சவரம்பு 20,000. இதைக் காட்டுவதற்கென்றே கியூஷேப் என்ற கருவி போஸ்ட்ஃபிக்ஸோடு வருகிறது. எந்த டொமைனுக்கு எத்தனை கடிதம், எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்று அது அட்டவணையாகத் தரும். ஒரே டொமைன் தேங்கியிருந்தால் அவர்கள் பக்கம் பாருங்கள். எல்லா டொமைனும் தேங்கியிருந்தால் உங்கள் டிஎன்எஸ்ஸையும் இணைப்பையும் பாருங்கள். எக்ஸிம் என்ற இன்னொரு அஞ்சல் நிரலில் வரிசையின் எண்ணிக்கையை மட்டும் தரும் கட்டளை உண்டு. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சில் கெட்-கியூ கட்டளை ஒவ்வொரு வரிசையின் நீளத்தையும் கடைசிப் பிழையையும் தரும்.

பதிவுக் கோப்பில் இன்னும் நுட்பமான தகவல் காத்திருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் ஒவ்வொரு அனுப்புதலுக்கும் 'டிலேஸ்' என்று நான்கு எண்களைச் சாய்கோடிட்டு எழுதும். முதல் எண், கடிதம் வந்தது முதல் கடைசியாக ஆக்டிவ் வரிசைக்குள் நுழைந்தது வரை. இரண்டாவது, அங்கே முறைக்காகக் காத்திருந்தது. மூன்றாவது, டிஎன்எஸ் தேடலும் டிஎல்எஸ் மறையாக்க ஏற்பாடும் சேர்ந்த இணைப்பு நேரம். நான்காவது, கடிதத்தை ஒப்படைக்க ஆனது. இந்த நான்கையும் பிரித்தெடுத்து வரைபடமாக்கிவிட்டால், பாதி நோய்களை ஊகமின்றியே கண்டறியலாம். இரண்டாவது எண் ஏறினால் அனுப்பும் செயல்முறைகள் போதவில்லை. இயல்பு வரம்பு 100. மூன்றாவது ஏறினால் முதலில் டிஎன்எஸ்ஸைச் சோதியுங்கள். உள்ளூர்ப் பெட்டிக்குப் போகும் கடிதங்களில் நான்காவது ஏறினால் பெட்டிகள் இருக்கும் வட்டு திணறுகிறது.

பழுது நீங்கியதும் வரிசை உடனே கரையாது. தள்ளிவைத்த கடிதத்துக்கான முயற்சிகளுக்கு இடையேயான காத்திருப்பு 300 நொடியில் தொடங்கி 4,000 நொடி வரை, அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, நீளும். பொறுமையிழந்து முழு வரிசையையும் திரும்பத் திரும்பத் தள்ளிவிடாதீர்கள். செத்த முகவரிகளுக்கான கடிதங்களும் சேர்ந்து கிளம்பி, நல்ல கடிதங்களைப் பின்னுக்குத் தள்ளும். பாதிக்கப்பட்ட டொமைனை மட்டும் தள்ளுங்கள்.

வரிசை வெறுமையாக இருப்பதும் சில நேரம் அபாய அறிகுறியே. டிஎன்எஸ்ஸில் எம்எக்ஸ் பதிவு தவறிவிட்டால் உங்கள் சர்வர் பூரண நலத்தோடு இருக்கும், கடிதம் மட்டும் வராது. ஆகவே ஒரு மணி நேரத்தில் ஏற்ற கடிதங்களின் எண்ணிக்கையைப் போன வாரம் இதே கிழமை, இதே நேரத்தோடு ஒப்பிடுங்கள். மிகவும் குறைந்தாலும் எச்சரிக்கை வர வேண்டும். வெளியே போகும் எண்ணிக்கை திடீரென்று பல மடங்கானால், யாரோ ஒருவரின் கடவுச்சொல் களவுபோய் அந்தக் கணக்கில் இருந்து ஸ்பாம் போகிறது என்று கொண்டு உடனே பாருங்கள்.

படி 5: இயந்திரத்தின் வளங்கள்

மையச் செயலி அஞ்சல் சர்வரில் அரிதாகவே முட்டுக்கட்டை. வடிகட்டி மட்டுமே அதை அதிகம் தின்னும். வட்டுதான் கழுத்து நெரிபடும் இடம். ஒவ்வொரு கடிதமும் ஏற்கப்படும் முன் வட்டில் உறுதியாக எழுதப்பட வேண்டும் என்பதால், எழுதும் தாமதமே சர்வரின் வேகம். வட்டின் எழுதும் தாமதத்தையும் உள்ளீடு-வெளியீட்டுக் காத்திருப்பையும் பதியுங்கள்.

காலியிடத்தோடு ஐநோடுகளையும் (கோப்புக்கு ஒன்றாக வட்டில் செலவாகும் பதிவுகள்) பாருங்கள். கடிதத்துக்கு ஒரு கோப்பு வைக்கும் மெயில்டிர் அமைப்பில், இடம் மிஞ்சியிருக்கும்போதே ஐநோடுகள் தீர்ந்துவிடக்கூடும். காலியிடம், அனுமதித்த உச்சக் கடித அளவைப் போல ஒன்றரை மடங்குக்குக் கீழே போனால் போஸ்ட்ஃபிக்ஸ் 452 சொல்லிப் புதிய கடிதங்களை மறுக்கும். எக்ஸ்சேஞ்சும் வட்டோ நினைவகமோ குறையும்போது இதேபோல் ஏற்பதைத் தானே கட்டுப்படுத்தும்.

படி 6: சான்றிதழ், டிஎன்எஸ், நற்பெயர்

சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் டிஎல்எஸ் சான்றிதழின் காலாவதியை வட்டில் உள்ள கோப்பைப் பார்த்துச் சோதிக்காதீர்கள். 25, 587, 465, 993 என ஒவ்வொரு போர்ட்டிலும் இணைந்து, அங்கே உண்மையில் காட்டப்படும் சான்றிதழைப் பாருங்கள். சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டு, ஐமேப் நிரலான டவ்காட் மட்டும் மீளேற்றப்படாமல் பழையதையே காட்டுவது அடிக்கடி நடக்கும் கோளாறு. இது இனி இன்னும் முக்கியமாகும்: பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் படிப்படியாகக் குறைந்து 2029-இல் 47 நாட்களாகிறது. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் தொடங்கிய நாள் முதலே 90 நாட்களுக்கு மேல் தந்ததில்லை.

எம்எக்ஸ், பிடிஆர் (ஐபி முகவரிக்குரிய பெயர்), எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற சர்வர்கள்), டிகேஐஎம் (கடிதக் கையொப்பத்தின் சாவி), டிமார்க் (இந்தச் சோதனைகள் தவறினால் செய்ய வேண்டியது) பதிவுகளின் சரியான மதிப்பை ஓரிடத்தில் எழுதி வைத்து, வெளியே இருந்து தேடிக் கிடைப்பதோடு மணிக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். எஸ்பிஎஃப் பதிவு 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் கேட்டால் பிழையாகும் என்பதால் அந்த எண்ணிக்கையையும் சோதியுங்கள். நீங்கள் சேர்த்திருக்கும் வெளிச் சேவை தன் பக்கம் ஒரு வரியைக் கூட்டினாலே உங்கள் பதிவு வரம்பைத் தாண்டக்கூடும்.

ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்களில் உங்கள் ஐபி முகவரி இருக்கிறதா என்று தேடும்போது, விடை வந்தாலே பட்டியலில் இருப்பதாக முடிவுகட்டாதீர்கள். பொதுப் பயன்பாட்டு டிஎன்எஸ் சர்வர் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் 127.255.255.254 என்ற பிழைக் குறியைத் தரும். உங்கள் சொந்த டிஎன்எஸ் சர்வர் மூலம் கேளுங்கள்.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புவோருக்கு விதிகளைக் கடுமையாக்கின. கூகுளின் கணக்கில் நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அதன் பயனர்களுக்கு அனுப்புவோர் இதில் அடங்குவர். ஸ்பாம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது. இந்த எண்ணை உங்கள் சர்வர் தானாக அறிய முடியாது. கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் பார்த்து, வாரம் ஒருமுறையாவது குறித்து வையுங்கள்.

படி 7: வடிகட்டி வேலை செய்கிறதா?

வைரஸ் வடிகட்டி விழுந்தால் சில அமைப்புகள் கடிதத்தை நிறுத்தும், சில சோதிக்காமலே உள்ளே விடும். இரண்டாவது வகைப் பழுது எந்தத் தாமத வரைபடத்திலும் தெரியாது. இதற்கென்றே தீங்கற்ற இரண்டு சோதனைச் சரங்கள் உண்டு: வைரஸுக்கு ஐகார், ஸ்பாமுக்கு ஜிடியூப். நாளுக்கு ஒருமுறை இரண்டையும் வெளியே இருந்து உங்கள் சோதனைப் பெட்டிக்கு அனுப்புங்கள். அவை தடுக்கப்படாமல் இன்பாக்ஸுக்கு வந்துவிட்டால் எச்சரிக்கை. கிளாம்ஏவி என்ற வைரஸ் வடிகட்டியைப் பயன்படுத்தினால் அதன் கையொப்பத் தரவின் வயதையும் பாருங்கள்.

படி 8: கருவியும் எச்சரிக்கையும்

நாகியோஸ், ஐசிங்கா, ஜாபிக்ஸ் ஆகிய கண்காணிப்புக் கருவிகளில் எஸ்எம்டிபி, ஐமேப் சோதனைகள் ஆயத்தமாக உள்ளன. ப்ரோமீத்தியஸ் பயன்படுத்துவோர் அதன் பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டரில் படி 2-இன் உரையாடலை வரி வரியாக எழுதி, இடையில் ஸ்டார்ட்டிஎல்எஸ் தொடங்கவும் செய்யலாம். சான்றிதழ் காலாவதியும் உடன் கிடைக்கும். எந்தக் கருவி என்பதில் அதிக நேரம் செலவிட வேண்டாம், ஏற்கெனவே உங்களுக்குப் பழகியதே நல்லது. ஒற்றைச் சிறு சர்வர் என்றால் சுற்றுச் சோதனை, வரிசையின் மிகப் பழைய கடிதத்தின் வயது, வட்டின் காலியிடம், சான்றிதழ் ஆகிய நான்கோடு தொடங்குங்கள்.

எச்சரிக்கையைக் கண்காணிக்கப்படும் அதே சர்வரின் மின்னஞ்சலுக்கு அனுப்பக்கூடாது. குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு, அரட்டைச் செயலி என்று மின்னஞ்சலைச் சாராத வழி வேண்டும். கண்காணிப்புக் கருவியே செத்துவிட்டால் என்ன என்பதற்கும் ஏற்பாடு செய்யுங்கள்: அது சில நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச் சேவை ஒன்றுக்கு 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்தச் சேவை உங்களை அழைக்க வேண்டும்.

தூக்கத்தில் எழுப்பும் எச்சரிக்கைகள் சிலவாகவே இருக்கட்டும்: சுற்றுச் சோதனை அடுத்தடுத்து இரண்டு முறை தவறுவது, 5-இல் தொடங்கும் மறுப்பு சோதனை முகவரிக்கே வருவது, வட்டு நிரம்பும் நிலை, வெளியே போகும் எண்ணிக்கை வெடிப்பது. சான்றிதழுக்கு 14 நாட்கள் மிச்சம் என்பது காலையில் பார்க்க வேண்டிய சேதி. ஒவ்வொரு எச்சரிக்கையிலும் அளந்த எண், இயல்பான எண், முதலில் பார்க்க வேண்டிய இடம் மூன்றும் இருக்க வேண்டும். பாதித் தூக்கத்தில் எழும் மனிதரை யோசிக்க வைக்கக்கூடாது.

படி 9: வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

அறிவித்த பராமரிப்பு நேரத்தில், ஒவ்வொரு எச்சரிக்கையையும் அதற்குரிய பழுதை உண்டாக்கிச் சோதியுங்கள். தீயரணில் போர்ட் 25-ஐ மூடுங்கள். சோதனைக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். டிஎன்எஸ் தேடலை நிறுத்துங்கள். ஐமேப் நிரலை அணைக்காமல் உறையவிடுங்கள்; அணைவதை எந்தக் கருவியும் பிடித்துவிடும், உறைவதைப் பிடிக்கிறதா என்பதுதான் தெரிய வேண்டும். ஒவ்வொன்றிலும் பழுது தொடங்கிய நேரத்துக்கும் உங்கள் தொலைபேசி ஒலித்த நேரத்துக்கும் இடையே உள்ள நிமிடங்களைக் குறித்துக்கொண்டு, படி 1-இல் எழுதிய இலக்கோடு ஒப்பிடுங்கள். மாதத்துக்கு 43 நிமிடம்தான் ஒதுக்கீடு என்றிருக்க, எச்சரிக்கை வரவே 20 நிமிடமானால் சோதனை இடைவெளியைக் குறைத்தாக வேண்டும்.

பராமரிப்பின்போது எச்சரிக்கைகளை அமைதிப்படுத்தினால், அந்த அமைதிக்கு முடிவு நேரத்தையும் அப்போதே குறித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் சுற்றுச் சோதனையைக் கையால் ஒருமுறை ஓட்டி, மூன்று வழிகளிலும் கடிதம் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு எழுந்திருங்கள்.